ஒரு மாதிரி நீலம்

ஆறு மாதிரிகளையும் குளத்தின் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு, யோசிச்சு வைங்கம்மா, பக்கத்து சைட்ல சிமெண்ட் இறங்குது, ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன் என்று நீச்சல் குளம் கட்டித் தருகிற பிரிட்டோ தம்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. யோசிக்க என்ன இருக்கிறது, ஆறில் ஒன்று. திருப்பூரில் பாதி ஆயுசைச் சாயப்பட்டறை லேபில் உட்கார்ந்து நிறம் பொருத்தியே கழித்தவளுக்கு ஆறு ஒரு எண்ணிக்கையா. ஜெர்மனிக்காரன் தபால்தலை அளவுக்கு ஒரு துண்டுத் துணியைக் கத்தரித்து அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பான். நாங்கள் சாயத்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக் குறைத்து, துண்டு துண்டாக நனைத்துக் காயவைத்து அடுக்குவோம். அதில் ஒன்றை நான் விரலால் முன்னே தள்ளுவேன், அதற்கு மேல் அங்கே பேச்சு கிடையாது. வசந்தாமணி பாத்தாச்சா என்று கேட்பார்கள், பாத்தாச்சு என்றால் தொட்டியில் ஏற்றிவிடுவார்கள். அந்த வசந்தாமணிதான் இப்போது சொந்த வீட்டுக் கொல்லையில், தண்ணீர் இல்லாத ஒரு சிமெண்ட் பள்ளத்தின் ஓரம், பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, உள்ளே என்ன பூசுவது என்று விழிக்கிறாள். வெள்ளைப் பூச்சு. சாம்பல் பூச்சு. கண்ணாடிச் சில்லு பதித்த நீலம். மணல் நிறத்தில் சொரசொரவென்று பொடிக்கல். ஏதோ தீவிலிருந்து வருகிறதாம், ஒரு பச்சைக் கல். கடைசியாகக் கறுப்பு, சின்னச் சின்னக் கூழாங்கல்லை இறுக்கிப் பதித்து மெழுகியது, சென்னையில் இப்போது எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்களாம். சென்னையில் எல்லாரும் கேட்கட்டும். அவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இவர் எதிர்க்கரையில் பாதாம் மரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், காலை ஆட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாக வந்துவிட்டவர் மாதிரி. நீயே பாத்துச் சொல்லீரு மணி என்றார். எப்போதும் சொல்வதுதான். நிறம் என்றால் அது என் இலாகா.

இந்தப் பள்ளம் இருக்கிற இடத்தில் கார் ஷெட் இருந்தது. இப்போதும் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் ஒரு கணம் கால் தயங்கும், இங்கே ஏதோ இருந்ததே என்று. போன வருஷம் திடீரென்று காரைக் கொடுத்துவிட்டார். அவினாசி ரோட்டில் மனுஷன் ஓட்டுவானா, தலைவலி, ஆட்டோ இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள் என்றார். ராத்திரி கொச்சியில் கிளம்பிக் காலையில் வாசலில் ஹாரன் அடித்த மனுஷர். நான் கேட்கவில்லை. வயசானால் ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்று விட்டுப்போகும், எனக்கு இனிப்பு, இவருக்குக் கார் என்று நினைத்துக்கொண்டேன். ஷெட் காலியான மறுமாதம் குளப் பேச்சு வந்தது. என் அண்ணன் பெண்டாட்டி போனில் விழுந்து விழுந்து சிரித்தாள், இந்த வயசுல யாரு நீச்சல் டிரெஸ் போடப் போறீங்க, நீயா அவரா என்று. போட்டால் உனக்கும் ஒன்று தைத்து அனுப்புகிறேன், அளவு சொல் என்றேன். சிரித்தேனே தவிர உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான். நடக்கலாம், கோயிலுக்குப் போகலாம், சீட்டாடலாம். தண்ணீரில் போய் என்ன தேடுகிறார். தண்ணிக்குள்ள யாரும் மோத மாட்டாங்க மணி என்றார் ஒரு நாள், சாப்பாட்டு மேசையில், மோரை ஊற்றிக்கொண்டே. மோர் தம்ளருக்கு வெளியே கொஞ்சம் போனது. பேச்சு சுவாரசியத்தில் என்று நினைத்து நான்தான் துடைத்தேன்.

கறுப்பு வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதற்குக் காரணமும் பழசு. கல்யாணமான புதிதில் ஊருக்கு வெளியே கல்லுக்குழி ஒன்றுக்கு என்னைக் கூட்டிப்போனார். ஜல்லிக்குத் தோண்டித் தோண்டி விட்ட குழி, மழைத் தண்ணீர் நின்று கறுத்துக் கிடக்கும், பனியன் கம்பெனிப் பையன்கள் ஷிப்ட் முடிந்து அங்கேதான் போய் விழுவார்கள். பார் என்று சொல்லிவிட்டு மேலேயிருந்து குதித்தார். தண்ணீர் மூடிக்கொண்டது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அங்கே யாருமே இல்லை. கறுப்புத் தண்ணீர், கரையில் அவருடைய செருப்பு, நான். மஞ்சள் கயிறு கழுத்தில் இன்னும் உறுத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவருடைய அம்மாவிடம் போய் என்ன சொல்வது, எந்த பஸ்ஸில் போவது என்று மனசு அதற்குள் டிக்கெட் எடுக்கப் போய்விட்டது. எதிர்ப்பாறை ஓரம் தலை வந்தது. சிரித்துக்கொண்டே வந்தது. பயந்துட்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய், அன்று பயந்தது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இருட்டான தண்ணீரைப் பார்த்தால் நான் முதலில் செருப்பைத்தான் தேடுவேன். ஆக கறுப்பு கிடையாது, சாம்பலும் கிடையாது. மிச்சம் நான்கு. லேபில் ஒரு பழக்கம் உண்டு, சந்தேகமானதை முதலில் கழித்துவிட்டால் நல்லது தானாக முன்னால் வந்து நிற்கும். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறது தம்பி, முக்கிப் பார்க்கச் சொல்லி. காய்ந்த நிறம் வேறு, நனைந்த நிறம் வேறு. இதை எனக்கே சொல்லிக் கொடுத்தது, நானும் அப்படியா தம்பி என்று கேட்டுக்கொண்டேன். பச்சைக் கல்லை முக்கினேன். அடடா. காய்ந்திருக்கும்போது பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி இருந்தது, நனைந்ததும் மயில்கழுத்து. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, திருப்பத் திருப்ப உள்ளேயிருந்து வேறொன்று வருகிறது. இந்த நிறத்துக்காக நான் ஒரு தடவை மூன்று நாள் தூங்காமல் மாதிரி போட்டிருக்கிறேன், வரவே இல்லை. இங்கே ஒரு கல் சும்மா பக்கெட்டுக்குள் கிடந்து காட்டுகிறது. எடுத்து வெயிலில் பிடித்தேன், நிழலில் பிடித்தேன், இரண்டிலும் நின்றது. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி வெயிலுக்கு வந்ததும் வேறு வேறாகிவிடும், அந்த மாதிரி ஏமாற்றுவது இல்லை இது. முடிந்தது, பச்சை என்றுதான் நினைத்தேன்.

நினைத்தவள் பேசாமல் இருந்திருக்கலாம். இவரையும் கேட்டதாக இருக்கட்டும் என்று வரிசையில் முதலாவதாக இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போனேன். நடக்க நடக்க இந்தச் சேலையின் கஞ்சி மொடமொடத்தது. காலையிலேயே புதுச் சேலையா மணி என்று கேட்டிருந்தார், எடுத்து எத்தனையோ காலம் ஆன சேலை, கஞ்சி மட்டும்தான் புதுசு. அதை அவர் மடியில் வைத்து, இது எப்படி இருக்குதுங்க என்றேன். கையில் வாங்கினார். கட்டைவிரலை மேலிருந்து கீழாக ஓட்டினார், குறுக்கே ஒரு தரம் ஓட்டினார். "இந்த நீலம் நல்லாருக்குது மணி" என்றார். அது வெள்ளை. சாயமே காணாத, சலவைக்குப் போய்வந்த காடாத் துணி போல வெள்ளை. நான் சிரித்தேன். சிரிக்கத்தானே செய்வேன், அது எங்கள் வீட்டுச் சிரிப்பு. தலைத் தீபாவளிக்கு எனக்கு ஒரு சேலை வாங்கி வந்து, நீலச் சேலை வாங்கியிருக்கிறேன் என்று நீட்டினார். பிரித்தால் மயில்கழுத்து. இதையா நீலம் என்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு மாதிரி நீலம் என்றார். அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லாமே ஒரு மாதிரி நீலம்தான். கத்தரிக்காய் ஒரு மாதிரி நீலம். கிளிப்பச்சை ஒரு மாதிரி நீலம். மகள் கல்யாணத்தில் அரக்கு முகூர்த்தப் பட்டைக் காட்டி ஒரு மாதிரி நீலம் என்று இவர் சொல்ல, சம்பந்தியம்மா மெய்யாகவே பயந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். நாளெல்லாம் நிறத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளை வீட்டில் சிரிக்க வைக்க இவர் கண்டுபிடித்த வழி அது. எத்தனை அலுப்பாக வந்தாலும் நான் சிரித்துவிடுவேன். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தும் விட்டேன். உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கட்டைவிரல் திரும்ப வந்தது.

எதற்காகத் தடவினார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் பொருளைப் பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்ப்பார், நான் எப்போது சிரிப்பேன் என்று அந்தக் கண் காத்திருக்கும். இன்றைக்குப் பொருளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, முகம் காம்பவுண்டு சுவரைப் பார்த்து இருந்தது. விரல்தான் பார்த்தது. சரி, வழுக்குமா என்று தடவியிருக்கலாம். குளத்துக்குத் தடவித்தானே பார்க்க வேண்டும், நான்தான் அதைச் சேலை போல நினைத்து நிறத்தோடு நிற்கிறேன். அப்படியே இருக்கட்டும். ஆனால் மோர் ஏன் வெளியே போனது. கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் ஏன் இருக்கிறது. தூசுக்கு என்றார், திருப்பூரில் தூசு இல்லை என்று யார் சொல்வது. மிஷின் பார்க்கப் போகிறேன் என்று ஆட்டோ வைத்துக்கொண்டு ரயிலடிக்குப் போய், கோயமுத்தூரிலிருந்து சாயங்காலம் சோர்ந்து வருவாரே, கம்பெனியை மகனிடம் விட்டபிறகு இவருக்கு எதற்கு மிஷின். பேப்பரை விரித்து வைத்திருக்கிறார், பக்கம் திருப்புகிற சத்தம் எனக்கு எப்போது கடைசியாகக் கேட்டது. லேபில் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒரே நிறத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், நடுவில் கண்ணை எடுத்துச் சாம்பல் அட்டையைப் பாருங்கள், இல்லையென்றால் தப்பான நிறமும் சரி என்று தோன்றிவிடும். ஊருக்கெல்லாம் சொன்னேன். வீட்டில் ஒரே பதிலை இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது, விளையாட்டு எங்கே முடிந்தது, மெய் எங்கே தொடங்கியது என்று கவனிக்கவில்லை. எந்தச் சேலையைக் காட்டினாலும் ஒரு மாதிரி நீலம், நானும் எல்லாவற்றுக்கும் சிரித்திருக்கிறேன். வேறு எந்த வீட்டிலாவது ஒரு மனுஷன் வெள்ளையை நீலம் என்றால் பெண்டாட்டி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

பெருந்துறைக் கல்யாணம் ஞாபகம் வரக்கூடாது என்று பார்த்தேன், வந்துவிட்டது. தையில் நடந்தது, மண்டபத்தில் மூச்சு விட இடமில்லை, பந்திக்குப் போகிற வழியில் இவர் பின்னாலிருந்து என் தோளில் கையை வைத்தார். நாலு பேர் முன்னால் என் விரலைக்கூடத் தொட்டறியாத மனுஷர். தோளில் வைத்த கையைப் படியிறங்கும் வரைக்கும் எடுக்கவில்லை. எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. இந்த வயசில் இது என்ன என்று வெட்கப்பட்டேன், வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அந்தத் தோளைப் பார்த்தேன், ஒரு வாரம் காரணமில்லாமல் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சமைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். அந்தக் கை வழி தெரியாமல் வைத்த கை. நான் முன்னால் போனால் இவர் பின்னால் வரலாம், அவ்வளவுதான். கோபம் வருகிறது. கண் போனதற்கு வராத கோபம் இதற்கு வருகிறது, எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் வருகிறது. கேட்டிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டேனா.

எதிர்க்கரையில் காலை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறார். நேராக என்னைத்தான் பார்க்கிறார், பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது. புதுசில் மாமியார் முதுகுக்குப் பின்னால் நான் இவருக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவேன், இவர் அதைவிடப் பெரிதாகத் துருத்துவார், மாமியார் திரும்பினால் இரண்டு பேரும் விபூதி பூசிக்கொண்ட முகமாக நிற்போம். சுற்றிப் பார்த்தேன். மதில் மேல் யாரும் இல்லை. வெயிலில், வெறும் குளத்தின் ஓரத்தில், பேரன் எடுத்த கிழவி, நாக்கை முழுசாக நீட்டினேன். கண்ணை உருட்டினேன். கையை வேறு காதோரம் வைத்து ஆட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "வெயில் ஏறுது மணி, தலைக்கு ஏதாச்சும் போட்டுக்க" என்றார். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன். சாயத் தண்ணீர் மாதிரி வாய் கசந்தது. போட்டுக்கறனுங்க என்று பதில் சொன்னேன், குரல் நன்றாகத்தான் வந்தது.

பிறகு மனசு அமைதியாகிவிட்டது. வேலை என்று ஒன்று வந்துவிட்டால் எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆறு மாதிரி இருக்கிறது, தம்பி வந்துவிடும், பதில் சொல்ல வேண்டும். இவர் இறங்குவார், நான் வேண்டாம் என்றாலும் இறங்குவார், மோதாத இடம் ஒன்று இவருக்கு வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் கார் நின்ற இடத்தையே தோண்டியிருக்கிறார். எனக்கு நீச்சல் தெரியாது. என்னால் முடிந்தது கரையில் உட்கார்ந்து பார்ப்பது, அது ஒன்றில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படியென்றால் குளம் எனக்குக் காட்ட வேண்டும். பச்சைக் கல்லைத் திரும்ப பக்கெட்டில் போட்டேன், மேலே ஒரு பாதாம் இலைச் சருகைப் பிய்த்து அமுக்கிவிட்டேன். மயில்கழுத்து அதை விழுங்கிவிட்டது. எங்கே இருக்கிறது என்று நான் தேட வேண்டியிருந்தது. நானே தேட வேண்டியிருந்தது. எதிர்க்கரைக்குப் போய் அவர் மடியிலிருந்து வெள்ளையை வாங்கி வந்து அடியில் வைத்து, அதே சருகை அமுக்கினேன். எறும்பு கடித்த துணுக்கு ஒன்று பக்கத்தில் மிதந்தது, அதுகூடத் தெரிந்தது. அவர் தலைக்குச் சாயம் கலக்கிக் கொடுப்பது நான்தான், மாதா மாதம், நல்ல கறுப்பாக. வெள்ளையில் அந்தத் தலை எங்கே போனாலும் தெரியும். வெள்ளை எனக்குப் பிடிக்காது. எங்கள் தொழிலில் அது நிறமே இல்லை, நிறம் ஏறுவதற்கு முன்னால் துணி இருக்கிற நிலை. பச்சைக் கல்லை ஈரத்தோடு முந்தானையில் துடைத்து வரிசையில் வைத்தேன். காய ஆரம்பித்ததும் மறுபடியும் பாசிப் படிக்கட்டு ஆகிவிட்டது. படி. படிக்கு வெள்ளை ஆகாது, வழுக்கும், எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரியாது. படிக்கு அந்தச் சொரசொரப்பான பொடிக்கல், கடைசிப் படிக்கு மட்டும் அதைவிடச் சொரசொரப்பாக. பாதம் படித்துக்கொள்ளும்.

வண்டிச் சத்தம் கேட்டது. தம்பி வந்து என்னம்மா முடிவாச்சா என்று கேட்டது. குளம் முழுக்க வெள்ளை, படிக்குப் பொடிக்கல் என்றேன். இத்தனை நிறம் காட்டியும் கடைசியில் வெள்ளையா என்று அதன் முகம் கொஞ்சம் விழுந்தது, உடனே வியாபாரம் ஞாபகம் வந்து நிமிர்ந்துகொண்டது. நல்ல முடிவும்மா, வெள்ளைன்னு பேர்தான், தண்ணி நின்னா ஆகாசம் மாதிரி நீலமாத்தான் தெரியும் என்றது. இவர் எதிர்க்கரையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அப்பவே நீலம்னு சொன்னனா இல்லியா" என்றார் உரக்க. தம்பி சிரித்தது. சார் கில்லாடி என்றது. இவரும் சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்று என் பக்கம் திரும்பிக் காத்திருந்தது. என் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. நான் சிரித்திருந்தால் மதியச் சாப்பாடு வழக்கம்போல நடந்திருக்கும், நாளைக்கும் நடந்திருக்கும். சிரிக்கவில்லை. தம்பி அளவு டேப்பை எடுத்துக்கொண்டு பம்பு ரூம் பக்கம் போனது. நான் சுற்றிக்கொண்டு போனேன், கஞ்சிச் சேலை மொடமொடவென்று எனக்கு முன்னால் செய்தி சொல்லிக்கொண்டே போனது.

"வெள்ளை உனக்குப் புடிக்காதே" என்றார், நான் பக்கத்தில் வந்து நிற்பதற்கு முன்பே.

"கரையில உக்காந்திருந்தா உங்க தலை எனக்குத் தெரியோணும்" என்றேன்.

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது.

"ஏனுங்க, நான் கட்டியிருக்கற சேலை என்ன நிறம்?"

உதடு விரிந்தது. அந்த மூன்று வார்த்தை அங்கே வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது, எத்தனை வருஷப் பழக்கம். வேண்டாங்க என்றேன். உதடு மூடிக்கொண்டது. நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார், கையை நீட்டினார், அது காற்றில் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்து என் தோளில் அமர்ந்தது. பெருந்துறையில் வைத்த அதே தோள்.

"தெரியல மணி" என்றார்.

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தோளில் கை கனமாக இருந்தது. காது மடல் சூடானது, அதற்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. படியிருக்குதுங்க என்று சொல்லிக் குளத்துக்குள் முன்னால் இறங்கினேன், அவர் பின்னால் இறங்கினார், பூசாத சிமெண்டில் எங்கள் செருப்பு கரகரத்தது.

"வெங்காயச் சருகு நிறம்" என்றேன்.

ஒரு படி இறங்கினோம்.

"கரை?"

"கரை பச்சைங்க."

அவ்வளவோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த படியில் கால் வைப்பதற்கு முன்னால் நின்றார். "எந்தப் பச்சை?" என்று கேட்டார், கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டிராத கேள்வி.

"வாழைக்குருத்துங்க" என்றேன். "அதுலயும் விரியறதுக்கு முந்தி."